வெள்ளிக் கெண்டியைத் துலக்கியவர்

அன்புள்ள ஐயாவுக்கு,

அமெரிக்கப் பெண் ஓவியர் மேரி கசாட்டின் 'தேநீர்' ஓவியம் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். 'இந்த வீட்டு வேலைக்காரப் பெண் எங்கே?' என்று கேட்டு முடித்திருந்தீர்கள். இரண்டு பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அதிலும் வர்க்கத்தைத் தேட வேண்டுமா? முப்பது வருஷமாக அடுப்படியில் நின்றுகொண்டே டீ குடிக்கிறவள் நான். எனக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. ஒரு பிரதி வாங்கி வீட்டில் மாட்டலாம் என்றிருக்கிறேன். தப்பா?

ஒரு வாசகி, பட்டர்வர்த், மலேசியா

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பே இல்லை. நின்றுகொண்டே டீ குடிக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், என் கட்டுரையில் ஆண் புத்தி கொஞ்சம் வேலை செய்திருப்பது உறைத்தது. கசாட்டின் நண்பரான ஓவியர் தெகா ஆண் என்பதால், பாரிஸில் கஃபே, பாலே ஒத்திகை, குதிரைப் பந்தயம் என்று நினைத்த இடத்துக்குப் போய் வரைந்தார். கசாட் வசதியான வீட்டுப் பெண். கஃபேயில் தனியாகப் போய் உட்கார்ந்தால் பெயர் கெட்டுவிடும். பெரும்பாலும் வரவேற்பறையும் தோட்டமும்தான் அவருக்கு வாய்த்தன. இதை நான் சொல்லாமல் விட்டது பிழை.

சரி, படத்தை இன்னொரு முறை பாருங்கள். 1880 வாக்கில் வரைந்தது, இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விருந்தாளி தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கோப்பையைச் சாய்த்துக் குடிப்பதில் பாதி முகம் மறைந்துவிட்டது. ஆனால் முன்னால் இருக்கும் வெள்ளிச் சாமான்களில் எதுவும் மறையவில்லை. கசாட் குடும்பத்துச் சொத்து அது. பளபளவென்று இருக்கிறது. வெள்ளி தானாகப் பளபளக்காது.

என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். துரைசானியின் வெள்ளிக் கெண்டியைத் திருநீறு போட்டுத்தான் தேய்ப்பாராம். (துரைசானிக்கு அது கடைசிவரை தெரியாது.) துரைசானியின் பிள்ளை பாட்டி இடுப்பில் இருந்த நேரத்தில், என் அப்பா, தோட்டத்து வேலையாட்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் கிடந்தார்.

கசாட்டின் சக ஓவியர் பெர்த் மொரிசோ இதையே படமாக வரைந்திருக்கிறார். தோட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். குழந்தை மொரிசோவின் மகள், பால் கொடுப்பவள் சம்பளத்துக்கு வந்த தாதி. அவள் அப்படி உட்கார்ந்ததால்தான் மொரிசோவால் தூரிகையைக் கையில் எடுக்க முடிந்தது. உட்கார்ந்திருப்பதே அவளுக்கு வேலை.

நீங்கள் படத்தை வாங்குங்கள். ஹாலில் வேண்டாம். அடுப்படியிலேயே மாட்டி, எதிரே ஒரு நாற்காலியும் போட்டுக்கொள்ளுங்கள்.