பழைய ரேடியோவில் ஒரு குமிழ் தொலைந்துவிட்டது. வீட்டிலேயே பிளாஸ்டிக்கில் வார்க்க முடியுமா? பழைய டப்பாவை உருக்கி ஊற்றலாமா?

முடியும். அதே ஜோடியில் இன்னொரு குமிழ் உடையாமல் இருந்தால் அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்வது எனக்குப் பிடித்த வேலை. கிடைக்காத குமிழ்களை இப்படித்தான் வார்த்துக்கொள்கிறேன்.

டப்பாவை உருக்குவது மட்டும் வேண்டாம். உருகிய பிளாஸ்டிக் தானாக ஓடி அச்சை நிரப்பாது. தொழிற்சாலையில் பெரும் அழுத்தத்தோடு உள்ளே தள்ளுவதால்தான் மூலைமுடுக்கு வரை போகிறது. அடுப்பில் வைத்தால் கருகும். பிவிசி கலந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், நுரையீரலுக்குக் கேடு. அந்தக் காலக் குமிழ்களில் பல பேக்கலைட்டால் ஆனவை. 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய அந்தப் பொருள் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. நமக்குத் தோதானது, ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்ததும் தானே இறுகும் ரெசின் என்ற பிசின் திரவம்.

அச்சுக்கு, திரவமாக ஊற்றி இறுகவிடும் சிலிக்கோன் ரப்பர் வாங்குங்கள். வெள்ளீய வினையூக்கி உள்ளது விலை குறைவு, நாளாக ஆகச் சற்றே சுருங்கும். ஒரு குமிழுக்கு அது கண்ணில் படாது. பிளாட்டினம் வகை அளவு மாறாமல் நிற்கும். ஆனால் கந்தகம் உள்ள களிமண்ணோ லேட்டக்ஸ் கையுறையோ பட்டால், பட்ட இடம் பிசுபிசுவென்று இறுகாமலே கிடக்கும்.

இனிதான் முக்கியமான இடம். பலரும் எந்த ரெசின் நல்லது என்றே கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதை.

குமிழின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் விளிம்பு, உள்ளே குழி, நடுவில் ரேடியோவின் ஷாஃப்ட் (குமிழோடு சேர்ந்து சுழலும் கம்பி) நுழையும் துளையுள்ள தண்டு. எண்ணெய்க் களிமண்ணில் முகப்பு கீழே இருக்கும்படி விளிம்பு வரை குமிழைப் பதியுங்கள். இரண்டு பாதிகளும் பிசகாமல் பொருந்த, சுற்றியுள்ள களிமண்ணில் சின்னச் சின்னப் பள்ளங்கள் போடுங்கள். சுற்றிலும் அட்டையால் சுவர் கட்டி குளூ கன்னால் இடைவெளியை அடையுங்கள். ஷாஃப்ட் துளைக்குள் முதலில் டூத்பிக்கால் சிலிக்கோனைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள், இல்லையென்றால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு மூலையில் மட்டும், உயரத்திலிருந்து நூலிழையாக ஊற்றுங்கள். சிலிக்கோன் தானே பரவி மேலேறட்டும். இறுகியதும் கவிழ்த்து, களிமண்ணை எடுத்துவிட்டு, சிலிக்கோன் மேல் வாசலினை மெல்லிசாகத் தடவி அடுத்த பாதியை ஊற்றுங்கள். வாசலின் விட்டுப்போன இடத்தில் சிலிக்கோனும் சிலிக்கோனும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.

வார்க்கும்போது முகப்புப் பாதி கீழே, பின்பாதி மேலே. இப்போது அச்சுக்குள் மிக உயரமான இடங்கள் இரண்டு: விளிம்பு ஒன்று, நடுத்தண்டின் நுனி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சிலிக்கோன் தொங்குவதால் ஒன்றில் சிக்கிய காற்று மற்றொன்றின் வழியாகப் போக முடியாது. விளிம்பின் ஒரு பக்கம் ரெசின் ஊற்றும் துளை, எதிர்ப்பக்கம் காற்றுத் துளை, தண்டின் நுனிக்குத் தனியாக இன்னொரு காற்றுத் துளை. இந்த மூன்றாவதை விட்டால் தண்டு பாதியில் நின்றுவிடும். துளைகளின் தழும்பு பின்பக்கத்தில் விழுவதால் வெளியே தெரியாது.

ரெசினுக்கு வருவோம். பாலியூரித்தேன் வகை சில நிமிடங்களில் இறுகும், ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு உண்டாகி நுரைத்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில், அதுவும் மழைக்காலத்தில், மெதுவாக இறுகும் எபாக்சி வகைதான் என் தேர்வு. பாட்டிலில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று பாருங்கள்; எடைக்கு என்றால் டிஜிட்டல் தராசில் நிறுத்தும், கன அளவுக்கு என்றால் அளந்தும் கலக்குங்கள். கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துவிட்டு, வேறு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். நிறமி ஓரிரு சொட்டு போதும், அதிகமானால் சரியாக இறுகாது. அச்சில் முகப்பவுடரைத் தூவி ஊதிவிட்டால் நுணுக்கமான கோடுகளுக்குள் ரெசின் தடையில்லாமல் இறங்கும். முகப்புப் பாதியில் ரெசினைப் பிரஷால் ஒரு கை தடவி, அச்சை மூடி, ஊசியில்லாத சிரிஞ்சால் நிதானமாகச் செலுத்துங்கள். இரண்டு காற்றுத் துளைகளிலும் ரெசின் எட்டிப் பார்க்கும் வரை நிறுத்த வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

நைட்ரைல் கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். ஹார்டனர் தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை வந்து நிரந்தரமாகத் தங்கிவிடலாம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், தூசி மூக்கில் ஏறக்கூடாது. இதே முறையில் அடுப்பு, இஸ்திரிப்பெட்டிக்கான பாகங்கள் செய்யாதீர்கள், சாதாரண எபாக்சி அந்தச் சூட்டில் இளகிவிடும்.

துளையை அளந்து பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். பழைய ரேடியோக்களில் கால் அங்குல ஷாஃப்ட், அதாவது 6.35 மி.மீ., நிறைய உண்டு. புதியவற்றில் பெரும்பாலும் 6 மி.மீ. பக்கவாட்டுத் திருகு வைக்கும் குமிழாக இருந்தால், ரெசினில் நேரடியாக மரை வெட்டாமல் சின்னப் பித்தளை நட் ஒன்றைப் பதித்துவிடுங்கள். ரெசின் மரை சீக்கிரம் தேய்ந்து குமிழ் வழுக்கும்.