மின்ட் வருகிறது, உபுண்டு ஏன் வரவில்லை?

கேள்வி: 64 ஜிபி பென்டிரைவில் வென்டாய் (ஒரே பென்டிரைவிலிருந்து பல இயங்குதளங்களை பூட் செய்ய உதவும் நிரல்) நிறுவி லினக்ஸ் மின்ட், டெபியன், உபுண்டு 24.04 மூன்றின் ஐஎஸ்ஓ கோப்புகளையும் (நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கிய நகல்) போட்டு வைத்திருக்கிறேன். வீட்டிலுள்ள பழைய டெஸ்க்டாப்பில் மின்டும் டெபியனும் ஒழுங்காக வருகின்றன. உபுண்டு மட்டும் பாதி தூரம் ஓடி, லைவ் ஃபைல் சிஸ்டம் உள்ள மீடியம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. மகளின் புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் மெனுவே வரவில்லை. நீலத்திரையில் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட் என்கிறது. பென்டிரைவ் போய்விட்டதா?

பதில்: இருக்கலாம், ஆனால் உடனே தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பூட் ஆவது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் உபுண்டு. கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் உள்நிரலான பயாஸ்தான் வென்டாய் மெனுவைக் கொண்டுவருகிறது. நீங்கள் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் லினக்ஸின் மையமான கெர்னலும், தொடக்க வேலைகளுக்கான இனிட்ரெட் என்ற சின்னக் கோப்பும் மெமரிக்குள் போகின்றன. இதுவரை பென்டிரைவைப் படித்துக் கொடுத்தது பயாஸ். கெர்னல் ஓடத் தொடங்கியதும் பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். இப்போது கெர்னல் தன் சொந்த டிரைவரை வைத்து அதே பென்டிரைவை மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். உபுண்டுவில் கேஸ்பர் என்ற நிரல்தான் இந்தத் தேடலைச் செய்கிறது. தான் ஒரு டிவிடியிலோ, தனக்கென்றே எழுதப்பட்ட பென்டிரைவிலோ இருப்பதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் வைத்திருப்பதோ எக்ஸ்ஃபேட் பார்டிஷனுக்குள் ஒரு கோப்பு. அந்தக் கோப்பையே ஒரு டிஸ்க் போலக் காட்டி ஏமாற்றுவதுதான் வென்டாயின் வேலை. பென்டிரைவே கண்ணில் படவில்லை என்றாலோ, வென்டாயின் வித்தை பலிக்கவில்லை என்றாலோ, கோப்பே பழுது என்றாலோ நீங்கள் பார்த்த செய்திதான் வரும்.

நான் கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குவேன், காரணம் சொந்த அனுபவம். ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று 128 ஜிபி என்று அச்சிட்ட பென்டிரைவ் ஒன்றை வாங்கினேன். முதலில் காப்பி செய்த இரண்டு ஐஎஸ்ஓவும் அருமையாக ஓடின, அதற்குப் பின் போட்ட எதுவும் ஓடவில்லை. சோதித்துப் பார்த்தால் உள்ளே உண்மையில் இருந்தது 8 ஜிபிதான். மீதியெல்லாம் காற்றில் எழுதியது! உங்கள் கதையிலும் உபுண்டு பட்டியலில் கடைசியாக இருப்பதால் எனக்குச் சந்தேகம். வென்டாய் மெனுவில் உபுண்டுவின் மேல் நின்று எம் விசையை அழுத்துங்கள். செக்சம், அதாவது கோப்பு பழுதாகாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்ணைக் கணக்கிடும் வசதி திறக்கும். அதில் ஷா-256 என்ற வகை மதிப்பை எடுத்து உபுண்டு தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை. பொருந்தவில்லை என்றால் டவுன்லோட் செய்த மூலக் கோப்பையும் இதேபோல் சரிபாருங்கள். மூலம் சரி, பென்டிரைவில் உள்ளது தப்பு என்றால் எழுதி முடிக்கும் முன் பிடுங்கியிருப்பீர்கள், அல்லது பென்டிரைவ் போலி. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற கருவிகள் போலியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செக்சம் பொருந்துகிறதா? சரி, போர்ட்டை மாற்றுங்கள். முன்பக்க போர்ட், ஹப், நீட்டிப்பு ஒயர் எதுவும் வேண்டாம்; டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில், முடிந்தால் நீலமில்லாத யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள். பயாஸுக்குத் தெரிந்த பென்டிரைவ் கெர்னலுக்குத் தெரியாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். அதற்கும் மசியவில்லை என்றால் வென்டாய் மெனுவில் கண்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தி, கிரப்2 என்ற மாற்று பூட் முறைக்கு மாறி முயலுங்கள்.

அப்புறம் வென்டாயின் பதிப்பு. ஒவ்வொரு லினக்ஸும் தன் இனிட்ரெட்டை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கும், பழைய வென்டாய்க்குப் புதிய ஐஎஸ்ஓ புரியாது. புதுப்பிக்கும்போது அப்டேட் பொத்தானை மட்டும் தொடுங்கள். அது உங்கள் ஐஎஸ்ஓக்களைத் தொடாது. பக்கத்திலேயே இருக்கும் இன்ஸ்டாலை அழுத்தினால் எல்லாம் துடைத்துப் போய்விடும்.

இனி மகளின் லேப்டாப். அங்கே பென்டிரைவின் மேல் பழி இல்லை, நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் தன் கடமையைச் செய்கிறது. வென்டாயின் சாவியை லேப்டாப்புக்கு அறிமுகப்படுத்தினால் போதும். நீலத்திரையில் ஓகே கொடுங்கள். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி பத்து நொடி எண்ணும். அதற்குள் அழுத்திவிட வேண்டும். பிறகு என்ரோல் கீ ஃபிரம் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வென்டாயின் சின்னப் பார்டிஷனுக்குள் போனால் என்ரோல் திஸ் கீ என்று தொடங்கும் கோப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, கன்டினியூ, யெஸ், ரீபூட். ஒரு கணினிக்கு ஒருமுறை செய்தால் போதும்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் விண்டோஸ் 11 லேப்டாப்களில் பல, டிஸ்க்கைக் குறியாக்கிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் பூட்டோடு வருகின்றன. செக்யூர் பூட் அமைப்பை மாற்றியதும் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைக்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நீலத்திரைக்குப் பதிலாக எஸ்பேட் செல்ஃப் செக் ஃபெயில்ட் என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து கணினி அணைந்தால் கதை வேறு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களை (இயங்குதளத்தை ஏற்றும் நிரல்களை) ஏற்காதபடி செய்தது. அதற்கு மருந்து புதிய வென்டாயும் புதிய ஐஎஸ்ஓவும்தான்.

ஐஎஸ்ஓ ஏறி, பிறகு திரை மட்டும் இருண்டுபோனால் அது கிராஃபிக்ஸ் கார்டின் சேட்டை. உபுண்டு மெனுவில் சேஃப் கிராஃபிக்ஸ், மின்டில் கம்பாட்டிபிலிட்டி மோட் எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் உபுண்டு முரண்டு பிடித்தால் வேறொரு பென்டிரைவில் உபுண்டுவை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். அதில் ஓடினால் குறை வென்டாய் பென்டிரைவில், ஓடாவிட்டால் பெரும்பாலும் டெஸ்க்டாப்பில். உபுண்டு 24.04-க்கு குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் எடுங்கள்.