ஷட்டருக்கு ஓட்டு உண்டா?

கேள்வி: எங்கள் நகராட்சியின் நடு வார்டில், பஸ் ஸ்டாண்டை ஒட்டி 22 வருடமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வீடு பக்கத்துப் பஞ்சாயத்தில். தினமும் ஆயிரக்கணக்கில் ஜனம் வந்துபோகும் இந்த வார்டுக்கும், தென்னந்தோப்புக்குள் கிடக்கும் வார்டுக்கும் ஒரே ஒரு மெம்பர்தானா? வரி கட்டுவதும் நாங்கள், சாக்கடை நாற்றத்தைச் சகிப்பதும் நாங்கள். மெம்பர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கடைக்காரர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால்தான் இந்த அலட்சியமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். மெம்பர் உங்கள் கடைக்கு வராததற்கு நீங்கள் தமிழர் என்பதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. அவருடைய ஓட்டர் லிஸ்டில் நீங்கள் இல்லை.

வருகிறவர் போகிறவரை எண்ணி யாரும் வார்டு பிரிப்பதில்லை. ராத்திரி அங்கே பாய் விரித்துப் படுக்கிறவரை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். உங்கள் பக்கத்துச் சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சியையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் 32,000 சொச்சம் பேர். 2020 தேர்தலில் 29 வார்டு. வகுத்தால் மெம்பர் ஒருவருக்கு 1,100 பேர். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் 90,000 பேருக்கு 36 வார்டு, ஆளுக்கு 2,500. கோவை மாநகராட்சியிலோ 16 லட்சம் பேருக்கு 100 கவுன்சிலர். கேரளத்து மெம்பருக்கு வார்டு அவ்வளவு சிறியது. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் ஷட்டர் பூஜ்யம்.

இன்னொன்று. கடைசியாக வார்டு எல்லைகளைத் திருத்தியபோதும் 2011 கணக்கைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லையே! இடைப்பட்ட காலத்தில் கடைவீதியில் எத்தனை வீடுகள் குடோனாகவும் மொபைல் கடையாகவும் மாறின என்று உங்களுக்கே தெரியும். புதிதாக எண்ணினால் நடு வார்டின் தலைக்கணக்கு ஏறும் என்று நம்பாதீர்கள். இறங்கினாலும் இறங்கும்.

வரி பற்றிச் சொல்கிறீர்கள். ஜி.எஸ்.டி. நகராட்சிப் பெட்டிக்குப் போவதில்லை. தொழில் வரி போகும். ஆனால் எவ்வளவு பெரிய முதலாளியானாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சம். அது அரசியல் சட்டமே போட்ட வரம்பு. சரி, கட்டட வரியும் சேர்த்து நிறையவே கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வரி கட்டியவனுக்கு ஓட்டு என்பது வெள்ளைக்காரன் காலத்து முறை. லண்டனில் பழைய ‘சிட்டி’ பகுதியில் இன்றைக்கும் கம்பெனிகளின் பெயரில் ஓட்டு உண்டு. நாம் அதைத் தலைமுழுகி எவ்வளவோ காலமாயிற்று. வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வீட்டுக்கே அந்தக் கதி என்றால் கடைக்கு என்ன சொல்ல?

ஒருநாள் கடையைப் பூட்டியதும் வண்டியைக் கிளப்பாமல் எதிர்த் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நான் அப்படி ஒரு கடைவீதியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதரைக்கு ஷட்டரெல்லாம் இறங்கியதும், அதுவரை கண்ணில் படாத மாடிகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. குழாயடியில் மூன்று குடம் வரிசையில் இருந்தது. ஒரு அம்மாள் கீழே இறங்கி வந்து, கடைக்காரர்கள் தள்ளிவிட்டுப் போன அட்டைப்பெட்டிகளைச் சாக்கடை வாயிலிருந்து காலால் ஒதுக்கினார். அந்த வார்டு அவருடையது. பகலெல்லாம் அவர் குரலை அமுக்குவது உங்கள் லாரியும் ஒலிபெருக்கியும்தான். உங்கள் ஊர் மாடிகளிலும் யாராவது இருப்பார்கள்.

தமிழ் விஷயத்தில் குறை இருந்தால் சரியான இடத்தில் பிடியுங்கள். சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டமே சொல்கிறது. எத்தனை பேர் எழுதினீர்கள்? ஒரு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளில் வார்டு சபை உண்டு. வார்டின் வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். நீங்கள் வாக்காளராக இருக்கும் பஞ்சாயத்திலும் கிராம சபை கூடுகிறது. கடைசியாக அங்கே எப்போது போனீர்கள்?

அப்புறம், சாக்கடை. அதற்கு ஓட்டு தேவையில்லை. நகராட்சிச் செயலாளருக்கு மனு எழுதி, கடை லைசென்ஸ் நம்பரைப் போட்டு, தொழில் வரி ரசீதின் நகலைச் சேர்த்து அனுப்புங்கள். கையெழுத்தை மட்டும் கடைக்காரர்களிடம் முதலில் வாங்காதீர்கள். மாடி ஏறிப் போய், குடியிருப்பவர்களிடம் வாங்குங்கள். மெம்பருக்கு ஒரு நகல் போனால் அந்தப் பெயர்களைத்தான் முதலில் தேடுவார்.