ஊரில் பி.காம் முடித்துவிட்டு அமெரிக்காவில் அசோசியேட் டிகிரி படிக்கலாமா?

பி.காம் முடித்துவிட்டுக் கணவரின் வேலைக்காக நியூ ஜெர்சி வந்திருக்கிறேன், இரண்டு வருட அசோசியேட் டிகிரிக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘மதிப்பு’ என்ற சொல்லைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உங்களுக்குக் கைக்குழந்தை இருக்கும், வீட்டில் ஒரே கார் இருக்கும், பகலெல்லாம் தனியாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2008இல் வந்தபோது என் நிலைமை அதுதான்.

கிரீன் கார்டு வந்த 2012இல் ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். மருத்துவ அலுவலகப் படிப்பு, அசோசியேட் டிகிரி, மாலை வகுப்பு. அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். 14 மாதத்தில் 18,000 டாலர் போனது, பாதி கடன். பிறகு நர்சிங் படிக்க ஆசை வந்து கவுண்டி கல்லூரிக்கு, அதாவது மாவட்ட அளவிலான அரசுக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போனபோது, பதிவாளர் அலுவலகத்தில் இருந்த பெண்மணி என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதில் ஒரு கிரெடிட்கூட (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி) எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அந்தக் கல்லூரியின் அங்கீகாரம் வேறு வகையாம். காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. சேரும் முன்பு யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அதனால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அசோசியேட் டிகிரி என்பது ஏறக்குறைய 60 கிரெடிட். பட்டத்தின் பெயர் ஏ.ஏ. (கலை), ஏ.எஸ். (அறிவியல்) என்று இருந்தால் அது பெரும்பாலும் நான்கு வருடப் பட்டத்தின் முதல் பாதி. நம் மாநிலத்தில் கவுண்டி கல்லூரியில் அதை முடித்து அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினால், அந்தக் கிரெடிட்டுகளை முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம், அதற்கு அந்தச் சட்டம் பொறுப்பில்லை. ஏ.ஏ.எஸ். (பயன்பாட்டு அறிவியல்) என்று மூன்று எழுத்து இருந்தால் அது நேராக வேலைக்குப் போவதற்கான படிப்பு. பிறகு மேலே படிக்கப் போகும்போது அதில் பல கிரெடிட்டுகளை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

நான் மறுபடி கவுண்டி கல்லூரியிலேயே சேர்ந்தேன். பட்டதாரிகளுக்கான துரித நர்சிங் படிப்பு இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். நான் விசாரித்த இடங்களில் என் மூன்று வருட பி.காமை நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளவில்லை. சில பொதுப் பாடங்களுக்கு மட்டும் கவுண்டி கல்லூரியில் விலக்கு கிடைத்தது. இரண்டு வருடம் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். உடற்கூறியல் இரண்டு பகுதி, நுண்ணுயிரியல் எல்லாம் முடித்தால்தான் நர்சிங்குக்குள்ளேயே விடுவார்கள். எனக்கு மொத்தம் நாலு வருடம் ஆனது. கிளினிக்கல், அதாவது மருத்துவமனைப் பயிற்சி இருக்கிற நாளில் விடிகாலை ஐந்து மணிக்கு, தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு தூக்கிப் பக்கத்து வீட்டுக் குஜராத்தி அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். 2017இல் உரிமத் தேர்வு எழுதினேன். முடிவு தெளிவானதும் கணினியே கேள்விகளை நிறுத்திவிடும் தேர்வு அது. 75ஆவது கேள்வியோடு கணினி நின்றுவிட்டது. அப்போது அதுதான் குறைந்தபட்சம். நன்றாக எழுதினாலும் அங்கே நிற்கும், மோசமாக எழுதினாலும் நிற்கும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பாஸ்.

நான்கு வருடம் படித்தவர்களும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், இதே ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமத்தைத்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என்., அதாவது நான்கு வருட நர்சிங் பட்டம் கேட்டன; எனக்கு முதல் வேலை ஒரு முதியோர் இல்லத்தில்தான் கிடைத்தது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பி.எஸ்.என். முடித்தேன். நியூயார்க் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் கவனியுங்கள், உரிமம் வாங்கிப் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும் என்று அங்கே 2017இல் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இனி மதிப்பு. ஊரில் என் தம்பி பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் பொறியியல் சேர்ந்து, நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தான். இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா அவனை ‘டிப்ளமோக்காரன்’ என்றுதான் அறிமுகம் செய்கிறார். பிளஸ் டூ வழியாகப் போன தன் மகனுக்கு நாலு அரியர் இருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தம்பி சிரித்துக்கொண்டே நிற்பான், எனக்குத்தான் நெஞ்சு எரியும். நான் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தபோது அதே பெரியப்பா போனில் ‘அங்கேயும் டிப்ளமோவா’ என்றார்.

நான்கு வருடம் நேராகப் படிக்க உங்களுக்குப் பணமும் நேரமும் இருந்தால் அதையே செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே உங்கள் கவுண்டி கல்லூரியின் ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். பி.காம் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். விசாவைச் சொல்லி, உள்ளூரில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்று கேளுங்கள். பின்னால் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, எந்தெந்தப் பாடத்தை அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அதைக் கையில் வாங்கும்வரை எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள்.