கைபேசித் திரைக்கென்றே ஒரு கதை: கேள்வி பதில்

வேலூர்ப் பக்கம் கதை எழுதும் சிலர் கேட்டவை இவை. முகநூலிலும் ட்விட்டரிலும் (இப்போது எக்ஸ்) பல வருடமாகக் குறுங்கதை எழுதுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவி: அக்கா, ஒரு சிறுகதையைத் துண்டு துண்டாக்கித் தினமும் பதிவிட்டால் போதாதா?

போதாதும்மா, வெட்டினது வெட்டினதாகவே தெரியும். நம் ஊர்ப் பாரதக் கூத்தை நினைத்துப் பார். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் போர் முடிவைக் காட்டும் படுகளம். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் மறுநாளும் பாயோடு வந்து உட்காருகிறார்கள். ஒவ்வொரு ராத்திரியும் தன்னளவில் முழுசாக இருக்கும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே பேசுவான். இந்த இரண்டும் இங்கேயும் வேண்டும்.

2012இல் அமெரிக்க எழுத்தாளர் ஜெனிஃபர் ஈகன் ஓர் உளவாளிப் பெண்ணின் கதையைப் பத்து இரவுகள், நிமிடத்துக்கு ஒரு ட்வீட்டாக வெளியிட்டார். ஒவ்வொன்றும் அவள் தன் வேலைக்குக் குறித்துக்கொண்ட பாடம் மாதிரி தனியாக நிற்கும். சேர்த்து வாசித்தால் கதை ஓடும். எனக்கு இதைவிடப் பிடித்தது 2014இல் எழுத்தாளர் டேஜு கோல் ட்விட்டரில் செய்தது. தெருவில் சரிந்து கிடக்கும் ஒருவரைச் சுற்றி ஆட்கள் கூடுகிறார்கள், அதுதான் கதை. வரிகளை அவர் தானே பதிவிடவில்லை. ஆளுக்கு ஒன்றாகப் பலரிடம் கொடுத்துப் போடச் சொல்லி, வரிசையாக ரீட்வீட் செய்தார். கூட்டத்தின் கதையைக் கூட்டமே சொல்லிற்று. தாளில் இது வராது.

ராணிப்பேட்டை, ஆசிரியர்: ட்விட்டரில்தான் இது தொடங்கியதா?

அதற்கு முன்பே ஜப்பானில் கைபேசி நாவல்கள் வந்துவிட்டன சார். 2007இல் அங்கே அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, முதலில் கைபேசிக்காக எழுதப்பட்டவை.

குடியாத்தம், தறிக்காரர்: ட்விட்டரின் 280 எழுத்துக்குள் தமிழ் அடங்க மாட்டேன் என்கிறதே?

கணக்கு வேறு அண்ணா. ‘வேலூர்’ நமக்கு மூன்று எழுத்து, அங்கே ஆறு. கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 2017 நவம்பர் வரை 140தான், அதிலேயே எழுதினோம். வர்ணனையை விட்டு, ஒருவர் பேசும் ஒரே வரியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

ஆம்பூர், வாசகர்: நடந்த சம்பவம் போலவே எழுதினால் நிறைய ஷேர் ஆகிறது. தப்பா?

போளூர் பக்கம் 2018 மே மாதம் நடந்ததை மறக்க முடியுமா? பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அது கதையாக எழுதப்பட்டது அல்ல, வதந்திதான். ஆனால் ஃபார்வர்ட் ஆகும் பாதை ஒன்றேதான். அதற்குப் பிறகு நான் ‘கதை’ என்ற சொல்லை முதல் வரியிலேயே போடுகிறேன். தலைப்பில் போட்டால் நகலெடுக்கும்போது உதிர்ந்துவிடும். நிஜ ஊர், நிஜத் தேதி, வேற்றாள் மீதான பயம் மூன்றையும் ஒரே பதிவில் சேர்ப்பதே இல்லை. ஷேர் குறையும். குறையட்டும்.

ஆற்காடு, இல்லத்தரசி: என் கதை என் பெயர் இல்லாமல் சுற்றுகிறது, என்ன செய்வது?

எனக்கும் நடந்திருக்கிறது. என் கதையையே ‘படித்ததில் பிடித்தது’ என்று என் சித்தி எனக்கு அனுப்பினார், அன்றைக்கு அழுதேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது, பதிவு செய்யாவிட்டாலும். உங்கள் பெயரையோ ஊரையோ கதைக்குள்ளேயே, பாத்திரத்தின் பேச்சிலாவது, வைத்துவிடுங்கள். தேதியோடு இருக்கும் மூலப் பதிவை மட்டும் அழிக்காதீர்கள்.