ரீகன்சிலியேஷன் வாரம்: மகளைத் தாராளமாக அனுப்புங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோவையிலிருந்து சிட்னி வெஸ்ட்மீடுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, மகள் இரண்டாம் வகுப்பு. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களும் மற்றவர்களும் இணக்கமாவதற்கான ரீகன்சிலியேஷன் வாரத்துக்கு, அந்த மக்களின் கொடி நிறங்களான கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் உடுத்தி வரச்சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ‘சாரி டே’ என்று வேறு அதில் போட்டிருக்கிறது. “நாமே வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். நேற்று வந்த என் குழந்தை எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? இது அரசியல் இல்லையா? அன்றைக்கு லீவு போட்டுவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

லீவு போடாதீர்கள். என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் தொடக்கப் பள்ளி படித்தார்கள். எந்த ஆசிரியரும் அவர்களை மன்னிப்புக் கேட்கச் சொன்னதில்லை. காலையில் அசெம்பிளி நடக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் மேடையேறி, “நாம் தாருக் மக்களின் மண்ணில் கூடியிருக்கிறோம்” என்று சொல்லி, மேற்கு சிட்னியின் பழங்குடியினரான அவர்களின் மூத்தோருக்கு மரியாதை செலுத்துவார்கள். அப்புறம் வகுப்பில் ஒரு கதை. வண்ணத் தாளில் கை வரைந்து வெட்டிப் புல்தரையில் நட்டு வைப்பார்கள். இந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1997-ல் கான்பெராவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால், பழங்குடி மக்களின் நில உரிமைக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு பிளாஸ்டிக் கைகளை நட்டார்கள். புல்வெளி முழுக்கக் கைகள். 2000 மே மாதத்தில் பழங்குடி மக்களோடு இணக்கம் வேண்டி சுமார் இரண்டரை லட்சம் பேர் சிட்னி ஹார்பர் பாலத்தின் மேல் சேர்ந்து நடந்தார்கள். பள்ளி மைதானத்தைச் சுற்றி உங்கள் மகள் நடக்கப்போவதும் அந்த வழியில் வந்ததுதான்.

அந்த ‘சாரி’யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழங்குடிக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்ப்பது இந்த நாட்டில் பல பத்தாண்டுகள் சட்டப்படியே நடந்தது. நியூ சவுத் வேல்ஸில் 1915-க்குப் பிறகு, நீதிமன்றத்துக்குப் போகாமலே குழந்தையை எடுத்துக்கொள்ள அரசின் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரம் இருந்தது. கெம்ப்சி அருகே கின்செலா என்ற சிறுவர் விடுதியில் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எண் கொடுத்துக் கூப்பிட்டார்கள். இதைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதனால்தான் மே 26 சாரி டே. 1910 முதல் 1970 வரையான காலத்தில் பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை. அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் பலர் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது அரசு. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதைக் கேட்டார். உங்கள் மகள் செய்ய வேண்டியது, தன் வயதுக் குழந்தைகளுக்கு நடந்ததைக் காதுகொடுத்துக் கேட்பது மட்டும்தான்.

இதெல்லாம் எங்கோ பாலைவனத்தில் நடந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு அடுத்த ஊரான பரமட்டாவில் ஆளுநர் மக்வாரி 1815-ல் பழங்குடிக் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி திறந்தார். சேர்த்த பிள்ளையைப் பருவ வயது வரும்வரை பெற்றோர் திரும்ப அழைத்துப்போக முடியாது என்பது அதன் விதி. அங்கே படித்த மரியா என்ற தாருக் சிறுமி, 1819-ல் நடந்த தேர்வில் வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் முந்தி முதல் பரிசு வாங்கினாள். பள்ளியைப் பிறகு பிளாக்டவுனுக்கு மாற்றினார்கள். அந்த இடம் 2018-ல்தான் தாருக் மக்களிடம் திரும்ப வந்தது. மரியாவின் கதையை உங்கள் மகளுக்கு நீங்களே சொல்லலாம். ஏழு வயதுக்கு நன்றாகப் புரியும்.

“நாமும் அடிமைப்பட்டவர்கள்தானே” என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் வெள்ளைக்காரன் நம் ஊரைவிட்டுப் போனான், நிலம் நம்மிடம் இருந்தது, மொழி இருந்தது. இங்கே அவன் போகவில்லை. அவன் எடுத்துக்கொண்ட மண்ணில்தான் நாளைக்கு நீங்களும் கடன் வாங்கி வீடு கட்டப்போகிறீர்கள், நான் கட்டியிருக்கிறேன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் யாருடைய மண் என்று தெரியாமல் இருக்கக் கூடாது. வந்து சில மாதங்களே ஆன குடும்பத்துக்கு இது இன்னும் அவசியம் என்பேன். இங்கே பிறந்தவர்களுக்காவது வேறு எங்காவது காதில் விழும். நமக்குப் பிள்ளைகளின் பள்ளியை விட்டால் சொல்லித்தர ஆள் கிடையாது.

வாரத்தின் இரண்டு முனைகளையும் கவனியுங்கள். தொடக்கம் மே 27. 1967-ல் அன்றுதான் பழங்குடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாக்களித்தார்கள். முடிவு ஜூன் 3, பழங்குடி மக்களின் நில உரிமையை நீதிமன்றம் ஏற்ற மாபோ தீர்ப்பு வந்த நாள். எடி மாபோ டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்த்தவர். வடக்கே டோரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவில் தலைமுறை தலைமுறையாக அவர் குடும்பம் பயிர்செய்த நிலம் சட்டப்படி அரசுடையது என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். வழக்கு 1982 முதல் 1992 வரை நடந்தது. வென்றார், ஆனால் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். ‘இந்த மண் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது’ என்ற பொய் அந்தத் தீர்ப்போடு சட்டத்திலிருந்து போனது. எனக்கு இந்த நாட்டின் மீது மதிப்பு வந்தது அவரைப் பற்றிப் படித்த பிறகுதான்.

அரசியலா என்றால், பெரியவர்களுக்கு இதில் அரசியல் உண்டு. 2023 அக்டோபரில் பழங்குடி மக்களின் குரலை நாடாளுமன்றத்துக்கு எடுத்துச்சொல்ல ஓர் ஆலோசனை அமைப்பு வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. அறுபது சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். குடியுரிமை வாங்கியதும் இப்படிப்பட்ட கேள்விக்கு நீங்களும் கட்டாயம் வாக்களிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

சில நடைமுறை விஷயங்கள். மார்ச்சில் ஹார்மனி டே வந்தபோது பட்டுப்பாவாடை கட்டி அனுப்பியிருப்பீர்கள். இது அப்படி அவரவர் பண்பாட்டைக் காட்டும் நாள் இல்லை. சாதாரணக் கறுப்பு டி-ஷர்ட் போதும். பழங்குடியினரைப் போல முகத்தில் புள்ளிக் கோலம் வைத்து அனுப்ப வேண்டாம். அந்தக் கோலங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியவை, கேட்காமல் எடுத்தால் அவர்கள் மனம் நோகும். வகுப்பில் வெள்ளைத் தோலும் நீலக் கண்ணுமாக ஒரு குழந்தை தன்னைப் பழங்குடி என்று சொல்லலாம். அது உண்மைதான். “நீ எத்தனை பங்கு பழங்குடி?” என்று கேட்கக் கூடாது என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரியவர்களும் கேட்கக் கூடாது.

எல்லாப் பள்ளியும் இதை நன்றாகச் செய்கிறது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கையை வெட்டி ஒட்டி, கப்கேக் தின்று, அதோடு முடிந்துவிடும். அப்படித் தெரிந்தால் ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: தாருக் மூத்தோர் யாராவது பள்ளிக்கு வருகிறார்களா, மற்ற மாதங்களில் என்ன சொல்லித்தருகிறீர்கள் என்று. பெற்றோர் கேட்டால் பள்ளி அசையும். எங்கள் பள்ளியில் பெற்றோர்கள் சேர்ந்து கேட்ட பிறகுதான் உள்நாட்டுச் செடிகள் வைத்த தோட்டம் வந்தது. பிள்ளைகள் வாரிகல் கீரை வளர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வெந்நீரில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால், நம் கடைசல் முறையிலேயே நன்றாக வரும்.

சாயங்காலம் மகள் வந்ததும் என்ன கதை கேட்டாள் என்று கேளுங்கள். ‘வராமி’ என்று தாருக்கில் வணக்கம் சொன்னாலும் சொல்வாள். ஜூலையில், பழங்குடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம் வருகிறது. அது இங்கே பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் விழும், பல கவுன்சில்கள் இலவசமாக நிகழ்ச்சி நடத்தும். நாங்கள் போவோம். நீங்களும் வருவதாக இருந்தால் முன்னதாகச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.