வறட்சியில் எழுதிய ராஜினாமா

அன்புள்ள ஐயா,

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். வேலை இருக்கிறது, வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. ஆனால் ஒரு வருடமாக எல்லாமே மங்கிக் கிடக்கிறது. வேதத்தைத் திறந்தால் கண் வரிகளின்மேல் ஓடுகிறதே தவிர மனம் எங்கும் நிற்பதில்லை. ஜெபத்தில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆராதனையில் மற்றவர்கள் கண்ணீர் விடும்போது நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிடு என்கிறார் ஒரு நண்பர். எனக்கோ, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா என்று தேவன் அழைப்பதன் அடையாளம் இது என்று தோன்றுகிறது. ராஜினாமா கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குத் தெளிவு வேண்டும்.

எம்.

அன்புள்ள எம்.,

கடிதத்தை இப்போது அனுப்பாதீர்கள். ஊழியம் வேண்டாம் என்பதற்காக அல்ல, நீங்கள் அதை எழுதிய காலம் சரியில்லை என்பதற்காக.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி உங்கள் நிலையை ஏறக்குறைய அப்படியே எழுதி வைத்திருக்கிறார். நடுப்பகலில் ஒரு சோர்வு துறவியைப் பிடிக்கிறது. சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. யாராவது வருகிறார்களா என்று அவன் எட்டி எட்டிப் பார்க்கிறான். இருக்கும் இடம் பிடிக்கவில்லை, கைத்தொழில் பிடிக்கவில்லை, சகோதரர்களிடம் அன்பு இல்லாமல் போய்விட்டது என்று படுகிறது. இதுவரைக்கும் யாருக்கும் வருவதுதான். அடுத்ததாக அவர் சொல்வதைக் கவனியுங்கள். அந்தச் சோர்வு பக்தியின் குரலிலேயே பேசத் தொடங்குகிறது: தேவனைப் பிரியப்படுத்த இந்த இடம்தான் வேண்டுமா, எங்கே இருந்தும் அவரைத் தொழலாமே! அவருக்குப் பின் வந்த காசியன் என்ற துறவியும் இதையே எழுதுகிறார்: சோர்ந்த துறவிக்குத் தூரத்து நோயாளிகளைப் பார்க்கப் போக வேண்டும் என்ற ஆசை திடீரென்று பொங்குமாம். நல்ல காரியம்தான். ஆனால் அவனை அறையிலிருந்து கிளப்புவது நோயாளிகள்மேல் உள்ள இரக்கம் அல்ல. உங்கள் அழைப்பும் அப்படிப்பட்டதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படியும் இருக்கலாம் என்ற சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இதற்கு ஒரு விதியே வகுத்தார். (கத்தோலிக்கப் புனிதரின் பேச்சு நமக்கு எதற்கு என்று உங்கள் சபையில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.) ஜெபமும் வேதமும் மனதில் ஒட்டாத வறட்சியின் காலத்தில் முந்தைய தீர்மானங்களை மாற்றாதே என்பது அந்த விதி. மாற்ற வேண்டியது நம்மைத்தான். ஜெபத்தைக் குறைக்கத் தோன்றும்போது குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே உட்கார் என்கிறார். வறட்சிக்கு அவர் மூன்று காரணங்கள் சொல்கிறார். நம் அசட்டை ஒன்று. ஆறுதல் கிடைக்காதபோதும் நாம் எவ்வளவு தூரம் நிற்போம் என்ற சோதனை இன்னொன்று. ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று நமக்குப் புரியவைப்பது மூன்றாவது. உங்கள் நண்பர் முதல் காரணத்தோடு நின்றுவிட்டார். உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஏதாவது இருந்தால் அறிக்கையிடுங்கள். ஒன்றும் அகப்படவில்லையென்றால், இல்லாத பாவத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணீரை வைத்து விசுவாசத்தை அளக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் முடிவுவரை இருளிலேயே இருக்கிறது. கடைசி வசனத்திலும் விடியவில்லை. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்கும் தெளிவு என்ன என்று யோசித்தால் எனக்குத் தீர்க்கதரிசி எலியாதான் நினைவுக்கு வருகிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட அதே மனிதர் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். தூதன் பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். ஆகவே உங்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நன்றாகத் தூங்குகிறீர்களா, பசிக்கிறதா? எதிலும் ஆர்வமில்லாமல் ஒரு வருடம் ஓடியிருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு ஒரு நோயாகவும் இருக்கலாம்; மருத்துவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது.

பிறகு எலியா போய்ச் சேர்ந்த ஓரேப் மலையில் நடந்ததைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, பிறகு அமர்ந்த மெல்லிய சத்தம். அதற்கு முன்னும் பின்னும் எலியாவிடம் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது: இங்கே உனக்கு என்ன காரியம்? இரண்டு முறையும் அவர் சொல்லும் பதில் ஒன்றே. நான் ஒருவன் மட்டும் மீதியாயிருக்கிறேன் என்ற அதே புலம்பல். மெல்லிய சத்தம் கேட்ட பிறகும் அவர் மனநிலை மாறியதாக ஒரு வார்த்தை இல்லை. கர்த்தரும் அதை மாற்ற முயலவில்லை. வந்த வழியே திரும்பிப் போ, இன்னின்னாரை அபிஷேகம் செய் என்று வேலை கொடுக்கிறார். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்காலிடாத 7000 பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கணக்கையும் திருத்துகிறார். எலியாவுக்குக் கிடைத்த தெளிவு இதுதான். நீங்களோ பழைய உருக்கம் திரும்பி வருவதையே தெளிவு என்று நினைத்துக் காத்திருக்கிறீர்கள்.

ஆகவே காலையில் ஒரு சங்கீதத்தை, மனம் நின்றாலும் நிற்காவிட்டாலும், வாய்விட்டு வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாவது சபையில் இருங்கள். இப்போது செய்யும் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள். சபையில் தனியாக இருக்கும் முதியவர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள், ஆனால் அதற்காக வேலையை விட வேண்டாம்.

போர்க்காயம்பட்டு 1521இல் படுக்கையில் கிடந்தபோது இஞ்ஞாசியார் ஒன்றைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் காணும்போது இனித்தன, பிறகு வெறுமையை விட்டுச் சென்றன. புனிதர்களைப் போல வாழ வேண்டும் என்ற எண்ணமோ வந்துபோன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. உங்கள் ஊழிய ஆசையையும் அப்படிப் பார்க்கலாம். அதை நினைத்து முடித்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சுவது என்ன? ஊழியத்தின் மேல் ஆசையா, அலுவலகத்திலிருந்து தப்பித்த நிம்மதியா? இந்த வறட்சி விலகிய பிறகும் அந்த ஆசை அப்படியே இருந்தால், உங்களை நன்கு அறிந்த போதகரிடம் பேசுங்கள். மனைவியிடம் அதற்கும் முன்னால், இன்றைக்கே பேசிவிடுங்கள்.